ஜெனரல் லூனாவில் ஏழு நாள்

ஜூலை 6

நங்கூரம் போட்டு இன்றோடு நூறு நாள். போசன் கலியமூர்த்தி தன் அறைச் சுவரில் சாக்பீஸால் கோடு கிழித்துக்கொண்டு வருகிறார். அவர்தான் எண்ணிச் சொன்னார். நூறாவது நாள் என்றால் ஊரில் சினிமாவுக்கு விழா எடுப்பார்கள். நான் பாயசம் வைத்தேன். சேமியாவில் வண்டு, முந்திரி இல்லை, பால் பவுடர் கட்டி தட்டிப்போய் மரக்கரண்டியால் உடைக்க வேண்டியிருந்தது. கேப்டன் இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தார். அவருக்குச் சேமியாவும் தெரியாது, வண்டும் தெரியாது.

இந்த நோட்டு சமையல்கட்டின் ஸ்டோர் ரெஜிஸ்டர். ஸ்டோருக்குள் எழுதும் அளவுக்கு எதுவும் வருவதில்லை. தாளை வீணாக்குவானேன் என்று என் கதையை எழுதுகிறேன்.

கதை இதுதான். மார்ச் கடைசியில் கப்பல் முதலாளி போனை அணைத்துவிட்டார். அவர் யார் யாருக்கோ பாக்கி வைத்ததற்காக இந்த ஊர் கோர்ட் கப்பலைப் பிடித்து, துறைமுகத்துக்கு வெளியே நிறுத்திவைத்திருக்கிறது. கரை கண்ணுக்குத் தெரிகிறது. கார்கள் போவது தெரிகிறது. இறங்க முடியாது. ஒப்பந்தம் முடிந்தவர்கள் முதல் மாதமே எப்படியோ போய்விட்டார்கள். மிச்சம் ஆறு பேர். கேப்டன் ஸுராபும் சீஃப் இன்ஜினியரும் ஜார்ஜியாக்காரர்கள். டெக் ஆட்களுக்கு மேஸ்திரியான போசன் கடலூர். டெக்கில் ஒடிசாப் பையன் பிஸ்வால். இன்ஜின் ரூமில் ஆயில்மேன் நெஸ்டர், பிலிப்பைன்ஸ். சமையல்கட்டில் தூத்துக்குடி லாசர் மோத்தா, அதாவது நான்.

ஜூலை 9

நெஸ்டர் இன்று வெங்காயம் உரிக்க வந்தான். இன்ஜின் ஓடாத கப்பலில் ஆயில்மேனுக்கு என்ன வேலை. நானும் அவனும் பேசுவது கப்பல் இங்கிலீஷ், பாதி வாயும் பாதி கையும். அதை என் தமிழில்தான் இங்கே எழுத முடியும். அவர்கள் நாட்டுக் கப்பல்காரர்கள் சமையல்காரனை மேயர் என்று கூப்பிடுவார்கள். ஊரில் வார்டு மெம்பர்கூட என்னை மதித்ததில்லை, இங்கே நான் மேயர்.

போனில் ஒரு படம் காட்டினான். சியார்கோ என்று ஒரு தீவு, அதில் ஜெனரல் லூனா என்று ஒரு ஊர். வெள்ளைக்காரர்கள் பலகைமேல் நின்று அலையில் சறுக்க வருகிற இடமாம். ஊருக்கு ஓரத்தில் நெஸ்டர் ஒன்பது வருடக் கப்பல் உழைப்பில் இரண்டு அறை கட்டியிருக்கிறான். ஒன்றில் அவன் குடும்பம், ஒன்று வாடகைக்கு. வாசலில் அவன் மனைவி மேரிசெல் துடைப்பத்தோடு நிற்கிறாள். படம் பிடிப்பது பிடிக்காத முகம். என் மனைவி ஜெசிந்தாவும் அப்படித்தான் நிற்பாள்.

"மேயர், இதுலேருந்து எறங்கினதும் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு என் வீட்டுக்கு வா. ஏழு நாள். ஒரு வேலையும் செய்யக் கூடாது. அதுதான் கண்டிஷன்" என்றான்.

"சமையல்?"

"அது மட்டும் வேலை இல்லையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாகக் கடலில் இருக்கிறேன், ஒரு நாளும் கடலில் குளித்ததில்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் ஜெசிந்தாவை நான் கூட்டிப்போன தூரம் வேளாங்கண்ணி. அங்கேயும் அவள்தான் லாட்ஜ் அறையில் ஸ்டவ் வைத்துக் கஞ்சி காய்ச்சினாள்.

ஜூலை 21

கப்பல் நங்கூரச் சங்கிலியில் கட்டிய மாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். காற்று மாறிப் பின்பக்கம் கரையைப் பார்க்கும்போது மட்டும் போனுக்குச் சிக்னல் வரும், அதுவும் பின்டெக்கில் ஒரு மூலையில். அந்த மூலைக்குப் போஸ்ட் ஆபீஸ் என்று பெயர் வைத்திருக்கிறோம். இன்று முறை வந்தது. ஜெசிந்தாவிடம் சியார்கோ விஷயத்தைச் சொன்னேன்.

"ஊருக்கு வாரதுக்கே வழியக் காணோம். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்."

"மெர்லினுக்குப் பரீட்சை முடியட்டும். மே மாசம் போவோம்" என்றேன். மெர்லின் எங்கள் மகள்.

"அங்க போயி நான் என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்யாண்டாம். அதுக்குத்தான் போறோம்."

"ஒண்ணும் செய்யாம எப்படிங்க இருக்க?" என்று உண்மையாகவே கேட்டாள். அதற்குள் கப்பல் திரும்பிவிட்டது.

ஆகஸ்ட் 3

திட்டம் ஓரளவு உருவாகிவிட்டது. மே மாதம்தான் சரி என்கிறான் நெஸ்டர். ஆகஸ்டிலிருந்து நவம்பர்வரை அலை வீட்டு உயரம் எழும்புமாம், தெரிந்தவர்களுக்குத்தான். மே மாதத்து அலையில் கிழவனும் நிற்கலாமாம். என்னைப் பார்த்துத்தான் சொன்னான்.

முதல் நாள் மணிலாவில் இறங்கிச் சின்ன விமானம் பிடித்துத் தீவுக்குப் போகிறோம். நெஸ்டர் கூரை போட்ட மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொள்வான். அந்த வண்டியில் ஐந்து பேர் போகலாமாம். எங்கள் ஊர் ஷேர் ஆட்டோவில் பத்துப் பேர் போவோம் என்றேன், அடங்கிவிட்டான். இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் இருபுறமும் மூங்கில் கட்டிய படகில் மணல்திட்டுக்குப் போய்ச் சாப்பாடு. நான்காம் நாள் எனக்கு அலைப்பலகை, அவன் தம்பி சொல்லித் தருவான். ஐந்தாம் நாள் எனக்கு உடம்பு வலி, அதனால் ஒன்றும் இல்லை. ஆறாம் நாள் ஞாயிறு, பூசை. ஏழாம் நாளைக் காலியாக விட்டிருக்கிறோம்.

ஜன்னல் விஷயத்தில் சண்டை. கடலைப் பார்த்த ஜன்னல் வேண்டும் என்றேன். கிடையாது, கடல் பக்கம் உப்புக்காற்று கட்டிலை அரித்துவிடும், ஜன்னல் தென்னந்தோப்பைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன் என்றான். விருந்தாளிக்காக ஒரு ஜன்னல் வைத்தால் என்ன என்றேன். என் வீடு, என் சுவர் என்றான். சாயங்காலம்வரை இரண்டு பேரும் பேசவில்லை.

ஆகஸ்ட் 19

புளி தீரப்போகிறது. நெஸ்டர் அவர்கள் ஊர் சினிகாங் கேட்டான். புளித்தண்ணீரில் மீனைப் போட்டுக் கொதிக்கவிடுவது. இதற்குப் பெயர் எங்கள் ஊரில் தாளிக்க மறந்த ரசம் என்றேன்.

மீன் நாங்கள் பிடித்ததுதான். மளிகை மாதம் ஒரு முறை துறைமுக ஏஜென்ட் போட்டில் வருகிறது. அரிசி, பருப்பு, குடிதண்ணீர். காய்கறி என்று வந்தது முட்டைக்கோஸ் மட்டும்.

செப்டம்பர் 1

பிஸ்வாலின் அப்பா இறந்துவிட்டார். போஸ்ட் ஆபீஸ் மூலையில் உட்கார்ந்து அந்தப் பையன் அழுத அழுகை. இருபத்து நான்கு வயது, ஒரே மகன். போசன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் சாயா போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன தெரியும் எனக்கு.

செப்டம்பர் 2

கேப்டன் கூப்பிட்டார். நின்றுபோன கப்பலைக் காக்க நான்கு பேர் கட்டாயம் வேண்டும் என்பது இந்தத் துறைமுகத்தின் சட்டம். கேப்டன், ஒரு இன்ஜினியர், டெக்கில் இரண்டு பேர். பிஸ்வால் அந்த நான்கில் ஒருவன். அவன் இடத்துக்கு டெக் சர்ட்டிபிகேட் உள்ள இன்னொருவன் இருந்தால் அவனை விடுவதாகத் துறைமுக அதிகாரி வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறாராம். சமையலுக்கு வருமுன் ஆறு வருடம் நான் டெக்கில் கயிறு இழுத்தவன். சர்ட்டிபிகேட் பெட்டியில் இருக்கிறது. அது கேப்டனுக்குத் தெரியும்.

"ஒரு மாதம்தான். அக்டோபரில் தீர்ப்பு. காகிதத்தில் நீ டெக் ஆள். மற்றபடி நீ எங்கள் குக்" என்றார் கேப்டன்.

சமையல்காரன் பெயர் இல்லாத கப்பலுக்கு மளிகை வராது. அதனால் குக் என்ற இடத்தில் நெஸ்டர் பெயரை எழுதினார். நானும் நெஸ்டரும் நான்கில் சேராத ஆட்கள், ஆனாலும் கோர்ட் சொல்லாமல் எங்களையும் விடமாட்டார்கள். பிறகு எந்தப் பெயரில் இருந்தால் என்ன. கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் போசன் கேட்டார். "இன்னா லாசரு, யோசன பண்ணியா?"

"பத்தாம் நாள் காரியத்துக்காவது அந்தப் பையன் போவான்லா, அண்ணே."

"போவட்டும், வேணாங்கல. ஆனா பேப்பர்ல ஏறுனது லேசுல எறங்காது. அத்தையும் சொல்லி வச்சிட்டேன்."

போசன் எதற்கும் இப்படித்தான் சொல்வார். மழைக்கோட்டை எடுத்து வைத்தாலே மழை வந்துவிடும் என்று நினைக்கிற மனுஷன்.

செப்டம்பர் 4

பிஸ்வால் போனான். ஏணியில் இறங்கும் முன் என் காலைத் தொட்டான். திட்டி அனுப்பினேன்.

ஜெசிந்தாவிடம் அவன் போனதைச் சொன்னேன். "நல்லது. அடுத்தது ஒங்க முறையா?" என்றாள். பார்ப்போம் என்றேன். கையெழுத்து விஷயத்தைச் சொல்லவில்லை. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று ஆரம்பிப்பாள். ஒரு மாத விஷயம், நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

அக்டோபர் 13

தீர்ப்பு தள்ளிவைப்பு.

அக்டோபர் 14

காஸ் தீர்ந்தது. எண்ணெய்ப் பீப்பாயைப் பாதியாக அறுத்து டெக்கில் அடுப்பு வைத்தேன். சரக்குக்கு முட்டுக் கொடுக்கும் பலகைகளைப் போசன் உடைத்துத் தருகிறார். புகையில் கண் போகிறது. சோறு மட்டும் காஸில் பொங்கியதைவிட ருசி. கேப்டன் இதைத்தான் ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டும் என்கிறார். அடிக்கவா முடியும் கேப்டனை.

அக்டோபர் 26

மேரிசெல் போனில் பேசினாள். நெஸ்டர் என்னிடமும் கொடுத்தான். மே மாதம் அறையை வேறு யாருக்கும் விடமாட்டாளாம். உங்கள் மனைவிக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள். யோசித்தேன். பத்தொன்பது வருடத்தில் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மீன் பிடிக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னேன்.

சாயங்காலம் மறுபடி சிக்னல் வந்தபோது ஜெசிந்தாவிடமே கேட்டேன். வெகு நேரம் யோசித்துவிட்டு, "மத்தியானம் தூங்கணும். யாரும் எழுப்பாண்டாம்" என்றாள். திட்டத்தில் ஏழு நாளும் மத்தியானத் தூக்கம் சேர்த்துக்கொண்டேன்.

நவம்பர் 8

சுகாதார அதிகாரி வந்தார். குக் யார் என்றார். கேப்டன் நெஸ்டரைத் தள்ளிவிட்டார். நான் டெக் ஆள் மாதிரி கையில் பெயின்ட் பிரஷோடு நின்றேன்.

"சமைத்த சோற்றை எத்தனை மணி நேரம் வெளியே வைப்பீர்கள்?"

"அரை மணி சார். அதுக்குள்ள போசன் தின்னுடுவார்" என்றான் நெஸ்டர்.

அதிகாரி சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் போன பிறகு நெஸ்டர் என் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "இனி நான் மேயர், டீ கொண்டு வா" என்றான். கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு எல்லோரும் சிரித்தோம்.

டிசம்பர் 5

நான்காம் நாளுக்காகப் பழகுகிறேன். நெஸ்டர் சரக்கு அறையை மூடும் இரும்பு ஹேட்ச் மூடியின்மேல் ஒரு பலகையைப் போட்டு என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னான். கைகளை ஊன்றி, ஒரே தாவலில் எழுந்து நிற்க வேண்டும். ஆறு முறை முயன்றேன். ஆறாவது முறை முட்டி பிடித்துக்கொண்டது. போசன் தைலம் தேய்த்துவிட்டுச் சொன்னார், "கடல்ல உழுந்தாலாவது தண்ணி. இங்க இரும்புய்யா."

டிசம்பர் 18

நெஸ்டர் இரண்டு நாளாகச் சாப்பிட வரவில்லை. காய்ச்சல் என்று கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னான். கஞ்சி கொண்டுபோய் வாசலில் வைத்தேன். அப்படியே இருந்தது.

போசனின் போனில் பிலிப்பைன்ஸில் பெரிய புயல் என்று செய்தி.

டிசம்பர் 20

நெஸ்டர் வந்தான். முகம் வீங்கியிருந்தது, காய்ச்சல் அப்படி. புயல் உங்கள் பக்கமா என்று கேட்டேன். அது வேறு தீவு என்றான். "எங்க நாட்டுல ஏழாயிரம் தீவு, மேயர்."

ஏழாயிரம் தீவு இருக்கும் நாட்டில் ஒரு புயல் எத்தனை தீவில்தான் அடித்துவிடும். நிம்மதியாக இருந்தது.

டிசம்பர் 25

கேக் கிடையாது. ரொட்டிமாவில் சர்க்கரை போட்டு வாணலியில் சுட்டேன். சிக்னல் வந்தது. ஜெசிந்தா கோயிலுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். பின்னால் மெர்லின் யாரையோ அதட்டுகிற சத்தம், குக்கர் விசில், பக்கத்து வீட்டு ஸ்பீக்கர். "பேசுங்க" என்றாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "பேசுங்க" என்றாள் மறுபடியும்.

மேரிசெலுக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும், போனைக் கொடு என்று நெஸ்டரிடம் கேட்டேன். அவன் போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம்.

ஜனவரி 11

நெஸ்டர் ரொம்ப மாறிவிட்டான், நல்ல மாதிரியாக. முன்பெல்லாம் அவன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டால் மல்லுக்கு நிற்பான். இப்போது எதைக் கேட்டாலும் உண்டு என்கிறான். கோயில் பக்கமா? இரண்டு நிமிட நடை. போன ஆகஸ்டில் இருபது நிமிடம் என்றவன். வெந்நீர் வருமா? வரும். மெர்லின் தனியாகப் படுக்க? மூன்றாவது அறை இருக்கிறது. மூன்றாவது எப்போது கட்டினாய் என்றேன். கொஞ்சம் யோசித்து, தம்பி கட்டினான் என்றான்.

ஜன்னலையும் பேச்சுவாக்கில் கேட்டு வைத்தேன். கடலைப் பார்த்தே வைத்துவிடலாம் மேயர் என்றான். ஜெயித்துவிட்டேன். ஏனோ அவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

ஜனவரி 19

அரிசியில் பாதி வண்டு. வெயிலில் காயப்போட்டுப் புடைத்தேன்.

இனிமேல் தீர்ப்பு வருமா என்று போசனிடம் கேட்டேன். அவர் கோடு கிழிப்பதை நிறுத்திவிட்டாராம். சுவரில் இடம் இல்லை என்றார். எதிரே இன்னொரு சுவர் காலியாகத்தான் இருக்கிறது, நான் பார்த்தேன்.

பிப்ரவரி 9

கோர்ட் உத்தரவு வந்தது. ஏஜென்ட் போட்டில் கொண்டுவந்து மெஸ் அறையில் வைத்துப் படித்தான். கப்பல் விற்கப்படும்வரை நான்கு பேர் கட்டாயம் இருக்க வேண்டும். விற்க ஒரு வருடம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். நான்குக்கு மேற்பட்டவர் உடனே இறங்கலாம். மேற்பட்டவர் என்று உத்தரவில் எழுதியிருந்தது: குக், ஒருவர்.

எனக்கு முதலில் சந்தோஷம் வந்தது. எழுந்தே நின்றுவிட்டேன். பிறகுதான் எல்லோரும் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்ப்பதைக் கவனித்தேன். காகிதத்தில் குக் நெஸ்டர்.

கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் பிஸ்வால் நான்கில் இருந்திருப்பான், இன்றைக்கு நெஸ்டரோடு நானும் இறங்கியிருப்பேன். இதைக் கணக்குப் போட எனக்கு ஒரு நிமிடம் ஆனது. போசனுக்கு அதுகூட ஆகவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார்.

கேப்டனிடம் சத்தம் போட்டேன். பத்து மாதமாக உங்கள் வாயில் சோறு போடுகிறவன் யார் என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். பட்டியல் பொய் என்று இப்போது சொன்னால் அவர் ஜெயிலுக்குப் போவார், உத்தரவும் ரத்தாகும், ஒருவரும் போக முடியாது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் தாங்க முடியவில்லை.

ராத்திரிச் சோறு பொங்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பிப்ரவரி 10

காலையில் நெஸ்டர் அடுப்படிக்கு வந்தான். விறகைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தான்.

"நீ போ மேயர். நான் இருக்கேன்."

"உன்கிட்ட டெக் சர்ட்டிபிகேட் இருக்கா?"

"இல்ல."

"பெறகு என்னத்துக்கு வாயக் கொடுக்க? போயி பொண்டாட்டி புள்ளையப் பாரு. வீட்டப் பாரு."

"வீடு இல்ல" என்றான்.

டிசம்பர் புயலில் போய்விட்டது. முதலில் கூரை, பிறகு கடல் உள்ளே வந்து சுவர். தென்னந்தோப்பில் ஒரு மரம் நிற்கவில்லை. மேரிசெல் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் இருந்ததால் பிழைத்தாள். இப்போது வேறு தீவான செபுவில் அக்கா வீட்டில் ஒண்டியிருக்கிறாள், அக்கா புருஷனுக்குப் பிடிக்கவில்லை. போன் தண்ணீரில் விழவில்லை. நான் மேரிசெலிடம் பேசக் கேட்டுவிடுவேனோ என்று ஒளித்து வைத்திருந்தான்.

"ரெண்டு மாசமா ஏண்டா சொல்லல?"

"நீ மூணாம் நாளுக்குப் படகு பேசிக்கிட்டிருந்த."

எனக்குக் கோபம் வந்தது. அவன் வீடு போனதற்கு வருத்தப்பட வேண்டியவன், என்னை ஏமாற்றினானே என்று கோபப்பட்டேன். மூன்றாவது அறை, இரண்டு நிமிடக் கோயில், எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு ஜெசிந்தாவிடமும் ஒப்பித்தேனே. போடா என்றேன். அவன் போகவில்லை. அங்கேயே விறகை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர், புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

போக வீடு இருக்கிறவன் இங்கே. இல்லாதவன் போகிறான். யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

பிப்ரவரி 12

நெஸ்டர் போனான். புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன், கடைசிப் புளி. ஏணியின் கடைசிப் படியிலிருந்து, "மே மாசம் முடியலன்னா அடுத்த மே" என்று கத்தினான். சரி என்று கையை ஆட்டினேன். வேறு எப்படி ஒருவனை வழியனுப்புவது.

காற்று இரண்டு நாளாக ஒரே பக்கம். சிக்னல் இல்லை.

பிப்ரவரி 14

மத்தியானம் கப்பல் திரும்பியது. போனை உயிர்ப்பித்ததும் பதினேழு தவறிய அழைப்புகள், எல்லாம் ஜெசிந்தா. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று உடனே அடித்தேன்.

"எங்க நிக்கிய? ஏர்போட்லயா?" என்றாள்.

ஊரில் எங்களைக் கப்பலுக்கு ஏற்றிவிட்ட ஏஜென்ட் ஆபீஸிலிருந்து போன் போயிருக்கிறது. 'ஒங்க கப்பல்ல குக்க விட்டுட்டாங்கம்மா, ரெண்டு மூணு நாள்ல வந்துருவாரு' என்று சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டில் குக் என்றால் ஒரே ஆள்தானே.

அவள் பேசிக்கொண்டே போனாள். இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. வீட்டுக்கு வெள்ளை அடித்தாகிவிட்டதாம். கோயிலில் நன்றிப் பூசைக்குச் சொல்லியாகிவிட்டதாம். அவள் அண்ணன் சென்னைக்கு ரயிலேறி விமான நிலையத்தில் நேற்றிலிருந்து நிற்கிறானாம், வருகிற ஒவ்வொரு விமானத்துக்கும் வாசலில் போய் எட்டிப் பார்க்கிறானாம்.

"இன்னொண்ணு சொல்லுதேன், சிரிக்கக் கூடாது. மெர்லின் எனக்குப் பாஸ்போட்டுக்கு எழுதிப் போட்டுட்டா. போட்டோ எடுத்தாச்சு. அந்தத் தீவுக்குப் போவோங்க. நீங்க சொல்லும்போதெல்லாம் நான் ஏசிக்கிட்டே இருந்தேன். சும்மாதான் ஏசினேன். போவோம்."

நான் பின்டெக்கில் நின்றுகொண்டிருந்தேன். பின்பக்கம் மெதுவாக நகர ஆரம்பித்திருந்தது, இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கும். மச்சான் அங்கே வாசலில் நிற்கிறான். இனியும் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது.

"ஜெசி, அது நான் இல்ல."

"எது?"

"எறங்கினது நான் இல்ல. நெஸ்டரு. பேப்பர்ல அவன்தான் குக்கு. நான் டெக் ஆளு. செப்டம்பர்லயே மாத்திட்டோம். நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

பிஸ்வாலைச் சொன்னேன். நான்கு பேர் சட்டத்தைச் சொன்னேன். கப்பல் விற்க ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகும் என்பதையும் சொன்னேன். அந்தத் தீவில் அந்த வீடு இல்லை என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. சிக்னல் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இணைப்பு இருந்தது.

பிறகு கேட்டாள், சாதாரணக் குரலில், நிஜமாகவே புரியாதவள் மாதிரி.

"அப்ப அங்க சோறு யாரு பொங்குதா?"

"நான்தான்" என்றேன்.